‘தீர்மானம் நிராகரிப்பு’ என்பதோடு செய்தியை முடித்துவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மலேசிய நாடாளுமன்றம் கூடும் மாதங்களில் தமிழ் நாளிதழ்களில் ஒரு தலைப்பு தவறாமல் வருகிறது: ‘அவசரத் தீர்மானத்தைச் சபாநாயகர் நிராகரித்தார்.’ கீழே உறுப்பினரின் படம், அவர் வருத்தப்பட்டதாக இரண்டு பத்தி, அவ்வளவுதான். எந்த விதியின்கீழ் கொடுத்தார், என்ன சொல்லி மறுத்தார்கள், அடுத்து அவர் என்ன செய்தார் என்பதெல்லாம் இருக்காது. படிக்கிறவர் ஒன்று, சபாநாயகர் நம் பிரச்சினையை அமுக்கிவிட்டார் என்று நினைப்பார். இல்லையென்றால், நம் ஒய்பி (நாடாளுமன்ற உறுப்பினர்) சும்மா படம் காட்டினார் என்று நினைப்பார். இரண்டும் நடக்காமல் இல்லை. ஆனால் பெரும்பாலும் நடப்பது வேறு. தாள் தவறான கதவு வழியாகப் போயிருக்கும், அல்லது சரியான கதவுக்குப் பொருந்தாத சொற்களோடு போயிருக்கும். அதை விளக்கவே இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம், இடமிருந்தால் போடுங்கள், இல்லாவிட்டால் இரண்டாகப் பிரித்துப் போடுங்கள்.

மக்களவையில் 222 பேர். அமைச்சர்களையும் துணையமைச்சர்களையும் கழித்துவிட்டால் மீதி இருப்பவர்களை, எந்தக் கட்சியாக இருந்தாலும், பின்வரிசை உறுப்பினர்கள் என்று இங்கே வைத்துக்கொள்கிறேன். இவர்களிடம் கோப்பு கிடையாது, இலாகா கிடையாது, நிதியை ஒதுக்கும் அதிகாரம் கிடையாது. கையில் இருப்பது கூட்ட விதிப் புத்தகம் ஒன்றுதான். அதை நன்றாகப் படித்தவர் ஐந்து நிமிடத்தில் ஓர் அமைச்சரை எழுந்து நின்று பதில் சொல்ல வைப்பார். படிக்காதவர் ஐந்து வருடம் கத்திவிட்டு வீட்டுக்குப் போவார்.

முதலில் அந்த ‘அவசரத் தீர்மானம்’. இது கூட்ட விதி 18(1). சபையின் வழக்கமான அலுவலைத் தள்ளிவைத்துவிட்டு ஒரு விஷயத்தை விவாதிக்க அனுமதி கேட்பது. அமைச்சர் இதைக் கேட்க முடியாது. மற்ற எந்த உறுப்பினரும் கேட்கலாம். கூட்டம் தொடங்குவதற்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் எழுத்து வடிவில் சபாநாயகரிடம் சேர்ந்திருக்க வேண்டும். மலாய் மூலத்தில் மூன்று சொற்கள் இருக்கின்றன: தெர்தெந்து, டிசெகெராக்கான், கெப்பென்திங்கான் ஒராங் ராமாய். விஷயம் குறிப்பிட்டதாக இருக்க வேண்டும், உடனே கவனிக்க வேண்டியதாக இருக்க வேண்டும், பொதுமக்கள் நலனைத் தொட வேண்டும். மூன்றில் ஒன்று தவறினாலும் சபாநாயகர் மறுத்தாக வேண்டும் என்றே விதி சொல்கிறது. அவர் மனம் வைத்தால் விடலாம் என்று இல்லை. மறுப்பையும் சபையில் வாசிக்க வேண்டியதில்லை. தம் அறையிலேயே முடித்துவிடலாம். நம் செய்தியாளர்களுக்குக் காரணம் கிடைக்காமல் போவது பெரும்பாலும் இதனால்தான். உறுப்பினருக்குக் கடிதமாகப் போயிருக்கும். கேட்டு வாங்கினால் உண்டு.

இந்த மூன்று சொல்லையும் ஒரே தாளில் நிற்க வைப்பது எவ்வளவு சங்கடமான வேலை என்று ஓர் எடுத்துக்காட்டோடு பார்ப்போம். இது கற்பனைதான், எந்தப் பள்ளியையும் குறிக்கவில்லை. ஒரு தமிழ்ப்பள்ளியில் ஒரு கட்டடத்தைக் கரையான் அரித்துவிட்டது. பொதுப்பணித் துறை வந்து பார்த்து, உள்ளே யாரும் போகக்கூடாது என்று கடிதம் கொடுத்துவிட்டது. பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஒய்பியிடம் ஓடுகிறது. அவருடைய உதவியாளர் எழுதும் முதல் தாள் இப்படி இருக்கும்: ‘நாடு முழுவதும் தமிழ்ப்பள்ளிகள் சந்திக்கும் அவல நிலை குறித்து விவாதிக்க வேண்டும்.’ பொதுநலன் இருக்கிறது. குறிப்பிட்ட விஷயம் எங்கே? ஐந்நூறுக்கும் மேற்பட்ட பள்ளிகளில் எதைப் பற்றி அமைச்சர் பதில் சொல்வார்? மறுப்பு.

திருத்தி எழுதுகிறார்கள்: ‘இன்ன பள்ளியின் கட்டடம் பல ஆண்டுகளாகப் பழுதடைந்து கிடக்கிறது.’ இப்போது குறிப்பிட்டதாகிவிட்டது. ஆனால் ‘பல ஆண்டுகளாக’ என்று எழுதிய மறுகணமே அவசரம் செத்துவிட்டது. இத்தனை வருடம் பொறுத்தது இன்னும் இரண்டு வாரம் பொறுக்காதா என்று கேட்பார்கள். நம் சங்கங்கள் எழுதும் மனுக்களில் இந்த ஒரு சொற்றொடர் செய்யும் கெடுதலுக்கு அளவே இல்லை. நீண்ட காலம் புறக்கணிக்கப்பட்டோம் என்று காட்டினால் இரக்கம் வரும் என்று எண்ணி எழுதுகிறோம். விதி 18இன் பார்வையில் அது நமக்கு எதிரான சாட்சி.

மூன்றாம் முறை: ‘இன்ன தேதி பொதுப்பணித் துறைக் கடிதத்தால் மூடப்பட்ட கட்டடத்தின் மாணவர்களுக்கு மாற்று வகுப்பறை இல்லை.’ குறிப்பிட்டதும் ஆயிற்று, அவசரமும் ஆயிற்று. இப்போது பொதுநலன் இடிக்கிறது: ஒரே ஒரு பள்ளி, வட்டாரப் பிரச்சினை, வேறு வழியில் எழுப்பலாம் என்பார்கள். கூர்மையாக்க ஆக்க விஷயம் சிறுத்துப் போகிறது. பெரிதாக்கினால் கூர்மை மழுங்குகிறது. தேர்ந்த உறுப்பினர் இங்கேதான் தெரிவார். அவர் கட்டடத்தைப் பற்றி எழுதமாட்டார். அந்தக் கட்டடம் மூடப்பட்டதால் வெளியே தெரிய வந்த ஒரு நடைமுறையைப் பற்றி எழுதுவார். பாதுகாப்பற்றது என்று அறிவிக்கப்பட்ட பகுதி உதவிப் பள்ளிக் கட்டடங்களுக்கு அவசர நிதி எந்த வழியாக, எத்தனை நாளுக்குள் வரும் என்று அமைச்சு சொல்லவில்லை. அதனால் இன்ன தேதியிலிருந்து இன்ன பள்ளி மாணவர்கள் வகுப்பறை இல்லாமல் இருக்கிறார்கள் என்று. சம்பவம் ஒன்று, தேதி ஒன்று, பாதிப்பு பலருக்கு. இதற்கும் உத்தரவாதம் கிடையாது. ஆனால் முதல் இரண்டு தாள்களைப் போல வாசலிலேயே விழாது.

விழ வேறு குழிகளும் உண்டு. அந்த வாரம் வரவு செலவுத் திட்டமோ பேரரசர் உரை மீதான விவாதமோ நடந்துகொண்டிருந்தால், ‘அதிலேயே பேசலாமே’ என்பார்கள். அமைச்சர் முன்தினம் செய்தியாளர் கூட்டத்தில் நடவடிக்கை எடுப்பதாகச் சொல்லிவிட்டால், ‘அரசாங்கம் கவனித்துக்கொண்டிருக்கிறது’ என்பார்கள். விஷயம் நீதிமன்றத்தில் இருந்தால் விதி 36(2) குறுக்கே நிற்கும். வழக்கைப் பாதிக்கும்படி பேச முடியாது. கடைசியாகச் சொன்னது நம்மவர்களை அடிக்கடி கடிக்கிறது. வழக்கறிஞர் ஒரு பக்கம் தடையுத்தரவுக்கு மனு போட்டிருப்பார், சங்கத் தலைவர் இன்னொரு பக்கம் ஒய்பியைத் தீர்மானம் கொண்டுவரச் சொல்வார். இருவரும் பேசிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

மறுக்கப்பட்டால் என்ன செய்வது? 2016இல் மக்களவையில் சிறப்பு அறை என்று ஒன்று தொடங்கப்பட்டது. மலாயில் கமார் காஸ். பெரிய சபை ஒரு பக்கம் நடக்கும்போதே, துணைச் சபாநாயகர் தலைமையில் வேறோர் அறையில் கூடுகிறது. அவசரத் தன்மையுள்ள விஷயங்களும் தொகுதிக் குறைகளும் அங்கே போகின்றன. உறுப்பினர் தம் வாதத்தைச் சொல்வார். அமைச்சரோ துணையமைச்சரோ பதில் சொல்வார். வாக்கெடுப்பு கிடையாது. வெற்றி தோல்வி இல்லாததால் செய்தியாளர்களுக்கு அந்த அறை ருசிப்பதில்லை. காலி நாற்காலிகளைப் பார்த்துச் சிலர் சிரிப்பதும் உண்டு. ஆனால் மேலே சொன்ன பள்ளி விஷயத்துக்கு அதுதான் சரியான இடம். கட்டடத்தின் பெயர், நிதி வரும் மாதம், பொறுப்பான பிரிவு என்று துணையமைச்சர் வாசிக்கும் பதில், சபை நடவடிக்கைகளின் பதிவான ஹன்சார்டில் ஏறிவிடும். பெரிய சபையில் விவாதத்தின் நடுவே உறுமி வாங்கும் கைதட்டலைவிட, ஒரு பள்ளிக்கு இந்த அரைப் பக்கம்தான் பயன்படும்.

அதே போலக் கண்டுகொள்ளப்படாத ஒன்று, விதி 17இன் ஒத்திவைப்பு உரை. அரசாங்க நிர்வாகம் சம்பந்தப்பட்ட ஒரு விஷயத்தை உறுப்பினர் சில நிமிடம் பேசலாம். அமைச்சர் தரப்பு பதில் தர வேண்டும். முன்பு அது பெரிய சபையில் அன்றைய கூட்டம் முடியும் வேளையில் நடந்தது, எல்லாரும் காரை எடுக்கும் நேரம். சபையில் தலைமை வகிப்பவர் நீங்கலாக 26 பேர் இருந்தால்தான் கோரம், அதாவது கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச வருகை. யாராவது எழுந்து தலையை எண்ணச் சொன்னால் இரண்டு நிமிடம் மணி அடிக்கும், ஆள் சேராவிட்டால் அலுவல் நின்றுபோகும். அந்த நேரத்தில் யாரும் எண்ணச் சொல்லாமல் இருந்தது ஒரு நாகரிகம். சிறப்பு அறை வந்த பிறகு இந்த உரையும் அங்கே போய்விட்டது.

இனி, பெயருக்கு ஏற்ற தனிநபர் தீர்மானம். பின்வரிசை உறுப்பினர் 14 நாள் முன்னறிவிப்புக் கொடுத்தால் அவர் தீர்மானம் அலுவல் பட்டியலில் ஏறும். அமைச்சருக்கு 7 நாள் போதும். பொதுநலனுக்காக அவசரம் என்று சபாநாயகரை ஒப்புக்கொள்ள வைத்தால் ஒரே நாள். ஏறிய பிறகு என்ன ஆகும்? நாடாளுமன்ற இணையத்தளத்தில் ஒவ்வொரு நாளும் அன்றைய அலுவல் பட்டியல் வருகிறது. ஆத்தூரான் ஊருசான் மெஷுவாராட் என்று தேடினால் கிடைக்கும். திறந்து பாருங்கள். முதலில் கேள்விகள், அடுத்து அரசாங்க மசோதாக்கள், அரசாங்கத் தீர்மானங்கள். அவற்றையெல்லாம் தாண்டிக் கடைசிப் பக்கங்களுக்குப் போனால் உறுப்பினர் பெயரோடு தீர்மானங்கள் வரிசையாக நிற்கும். நல்ல தீர்மானங்கள். இன்றைக்கு 40ஆவது இடத்தில் இருப்பது நாளைக்கும் 40ஆவது இடத்தில் இருக்கும். காரணம் விதி 15: ஒவ்வொரு கூட்ட நாளிலும் அரசாங்க அலுவலுக்கே முன்னுரிமை. அரசாங்க அலுவல் முடிந்து நேரம் மிச்சமாவது அபூர்வம். நாடாளுமன்றம் கலைந்தால் அத்தனையும் போச்சு.

ஆக, ஒரு உறுப்பினர் ‘தீர்மானம் சமர்ப்பித்துவிட்டேன்’ என்று உங்கள் நாளிதழில் படத்தோடு சொன்னால், அது கடைசிப் பக்கத்தில் பெயர் எழுதிக்கொண்டது மட்டும்தான். வரிசையை மாற்ற அரசாங்கத்தின் கை வேண்டும். 2016 மே 26ஆம் தேதி அது கண்ணெதிரே நடந்தது. ஷரியா நீதிமன்றக் குற்றவியல் அதிகாரச் சட்டத்தைத் திருத்தும் இஸ்லாமியக் கட்சியான பாஸின் தலைவர் ஹாடி அவாங்கின் தனிநபர் மசோதாவுக்கான தீர்மானத்தை, அமைச்சர் அஸாலினா ஒத்மான் சாயிட் எழுந்து முன்னே கொண்டுவந்தார். அமைச்சர் எழுந்திருக்காவிட்டால் அது கடைசிப் பக்கத்திலேயே இருந்திருக்கும். மறு வருடம் ஏப்ரல் 6ஆம் தேதி ஹாடி அதை முறைப்படி முன்மொழிந்தபோதும் விவாதம் தள்ளிவைக்கப்பட்டது. 2020இல் பிரதமர் முஹிடின் யாசின் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானங்கள் குவிந்தும் ஒன்றுகூட விவாதத்துக்கு வராததற்கும் இதே விதி 15தான் தடையாகக் காட்டப்பட்டது. அரசாங்கத்தைக் கவிழ்க்கும் தீர்மானத்துக்கு அந்த அரசாங்கமே வழிவிட வேண்டும் என்பது விசித்திரமான ஏற்பாடுதான். மாற்ற வேண்டிய விதி ஒன்றைச் சொல்லச் சொன்னால், நான் இதைத்தான் சொல்வேன்: மாதத்தில் ஒரு நாளாவது தனிநபர் அலுவலுக்கென்று ஒதுக்க வேண்டும்.

கேள்வி நேரத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஒரு கூட்டத்தொடருக்கு ஓர் உறுப்பினருக்கு வாய்மொழிப் பதில் கேள்வி 10, எழுத்துப் பதில் கேள்வி 5. காலை 10 மணியிலிருந்து 11.30 வரை. பட்டியலில் முன்னால் இருக்கும் சில கேள்விகள்தான் சபையில் கேட்கப்படும். மற்றவற்றுக்குப் பதில் எழுத்தில் வரும். உள்ளூர்க் கணக்கு வேண்டுமென்றால் எழுத்துப் பதில்தான் நல்லது. வாய்மொழியில் அமைச்சர் கதை சொல்வார். எழுத்தில் அட்டவணை கொடுப்பார். வாய்மொழிக் கேள்வியின் லாபம் துணைக் கேள்வியில் இருக்கிறது. அதையும் சிலர் ‘அமைச்சருக்கு நன்றி, பாராட்டுகள்’ என்று தொடங்கி, தொகுதி வரலாறு சொல்லி, கேள்வி கேட்கும்போது சபாநாயகர் உட்காரச் சொல்லிவிடுவார்.

வரவு செலவுத் திட்டக் குழுநிலை விவாதம் அப்படியல்ல. அங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அமைச்சு வாரியாகச் செலவு மதிப்பீடு வரும்போது, உறுப்பினர் அந்தப் புத்தகத்தில் உள்ள பூத்திரான் எண்ணை, அதாவது செலவு இனத்தின் எண்ணை, சொல்லித்தான் பேச வேண்டும். எண் இல்லாமல் பேசினால் தலைமை வகிப்பவர் கேட்பார்: எந்தப் பூத்திரான்? தடுமாறினால் நேரம் போச்சு. அங்கே ஒரு பழைய ஆயுதமும் உண்டு. அமைச்சரின் சம்பளத்தில் 10 ரிங்கிட்டைக் குறைக்க வேண்டும் என்று தீர்மானம் கொடுப்பது. பத்து வெள்ளியால் யாருக்கும் நட்டமில்லை; அது நிறைவேறப் போவதுமில்லை. ஆனால் அதை முன்வைத்து, குறிப்பிட்ட ஒரு கொள்கைத் தவற்றுக்காக அந்த அமைச்சரைத் தனியாகப் பிடித்து நிறுத்திக் கேட்க முடியும். லிம் கிட் சியாங் காலத்து எதிர்க்கட்சியினர் இதை நன்றாகவே பயன்படுத்தினார்கள். இப்போது அதிகம் காணோம்.

கோயில் நிலம், இடுகாடு, மின்சுடலை. நம்மவர்கள் நாடாளுமன்ற வாசலுக்கு அதிகம் கொண்டுவருவது இவைதான். அதிகம் ஏமாந்து திரும்புவதும் இவற்றில்தான். கூட்டரசு அரசமைப்பின் ஒன்பதாவது அட்டவணைப்படி நிலமும் ஊராட்சியும் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. பினாங்கில் ஒரு கோயில் நிலத்துக்கு மக்களவையில் தீர்மானம் கொடுத்தால், ‘இது மாநில அதிகாரம்’ என்ற ஒரே வரியில் அமைச்சர் தப்பித்துவிடுவார். தப்பிப்பது அவர் தவறும் அல்ல. அந்தத் தாள் போக வேண்டிய இடம் லைட் ஸ்திரீட்டில் உள்ள பினாங்கு சட்டமன்றம், அங்குள்ள 40 உறுப்பினர்களில் ஒருவர் கை. கோலாலம்பூரில் கதை தலைகீழ். கூட்டரசுப் பிரதேசத்துக்குச் சட்டமன்றம் இல்லை, நகராண்மைக் கழகத் தேர்தலும் இல்லை. தலைநகரின் நிலமும் மாநகர் மன்றமும் கூட்டரசின் கீழ் வருவதால், இங்குள்ள கோயில் நிலம் நேராக மக்களவைக்குரிய விஷயம். தலைநகரில் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தவர்கள் 11 நாடாளுமன்ற உறுப்பினர்கள் மட்டுமே. செந்தூலில் வடிகால் அடைத்தாலும் மக்களவை, பங்சாரில் அடுக்குமாடி மின்தூக்கி நின்றாலும் மக்களவை. ஒரு பினாங்கு உறுப்பினர் மாநில விஷயம் என்று ஒதுங்கலாம். கோலாலம்பூர் உறுப்பினர் அப்படி ஒதுங்கினால் அவரை விடாதீர்கள்.

அடையாள அட்டை, குடியுரிமை விஷயத்தில் வேறொரு நுணுக்கம். மக்களவையில் பேசியதற்காக உறுப்பினர் மீது வழக்குப் போட முடியாது என்று அரசமைப்பின் 63ஆவது விதி சொல்கிறது. அது எவ்வளவு பெரிய கவசம் என்பதற்கு ஈப்போ டி.ஆர். சீனிவாசகமே சாட்சி. மக்கள் முற்போக்குக் கட்சியின் அவர் அறுபதுகளில், அப்போதைய கல்வி அமைச்சர் அப்துல் ரஹ்மான் தாலிப் மீது மக்களவையில் ஊழல் குற்றம் சாட்டினார். தைரியமிருந்தால் வெளியே சொல் என்றார் அமைச்சர். சீனிவாசகம் வெளியே வந்து சொன்னார். அமைச்சர் அவதூறு வழக்குப் போட்டார், தோற்றார், பதவியைவிட்டு விலகினார். கவசம் இருந்ததால் முதல் வார்த்தை உள்ளே வந்தது. கையில் சான்று இருந்ததால் இரண்டாவது வார்த்தை வெளியே வந்தது.

ஆனால் 1971க்குப் பிறகு அந்தக் கவசத்தில் ஓட்டை இருக்கிறது. குடியுரிமை பற்றிய மூன்றாம் பாகம், தேசிய மொழி பற்றிய 152, மலாய்க்காரர் மற்றும் சபா, சரவாக் பூர்வகுடியினரின் சிறப்பு நிலை பற்றிய 153, ஆட்சியாளர் இறைமை பற்றிய 181 ஆகியவற்றைக் கேள்விக்குள்ளாக்கினால் சபைக்குள்ளும் தேசநிந்தனைச் சட்டம் பாயும். 1978இல் தமிழ், சீனப் பள்ளிகளை மூட வேண்டும் என்று மக்களவையில் பேசிய சபா உறுப்பினர் மார்க் கோடிங் மீதே அது பாய்ந்தது. 152ஐத் திருத்த வேண்டும் என்ற பகுதிக்காகக் குற்றவாளி என்று தீர்ப்பானது. நம் பள்ளிகளுக்கு எதிராகப் பேசியவரைப் பிடித்த அதே வலை, நமக்காகப் பேசுகிறவர் காலிலும் சிக்கும். அதற்கு அரசமைப்பே ஒரு வாசல் வைத்திருக்கிறது: உரிமையைக் கேள்வி கேட்கக் கூடாது, அதை நடைமுறைப்படுத்தும் விதத்தைக் கேட்கலாம். ஆகவே நாடற்ற பிள்ளைகளைப் பற்றிய தாளில், ‘குடியுரிமை விதி அநியாயம்’ என்பது ஆபத்தான வரி. ‘பிள்ளைகளைக் குடிமக்களாகப் பதிய வகைசெய்யும் 15ஏ விதியின்கீழ் கொடுத்த விண்ணப்பங்கள் எத்தனை, எத்தனை மாதமாக நிலுவையில், ஏன்’ என்பது பாதுகாப்பான வரி மட்டுமல்ல, அமைச்சருக்குப் பதில் சொல்லக் கடினமான வரியும்கூட.

ஆளுங்கட்சிப் பின்வரிசையினரைப் பற்றி ஒரு வார்த்தை. அவர்கள் வாயைத் திறப்பதில்லை என்று உங்கள் வாசகர் பகுதியில் அடிக்கடி எழுதுகிறார்கள். திறந்தால் என்ன ஆகும் என்பதையும் எழுத வேண்டும். 2006 மே மாதம், சுங்கத் துறையை ‘ஒரு கண்ணை மூடிக்கொள்ள’ச் சொன்னதாக எழுந்த சர்ச்சையில், ஜாசின் உறுப்பினரை உரிமைக் குழுவுக்கு அனுப்ப லிம் கிட் சியாங் தீர்மானம் கொண்டுவந்தார். தேசிய முன்னணிப் பின்வரிசை உறுப்பினர் மன்றத்தின் தலைவராக இருந்த ஜொகூர் பாரு ஷாரிர் சமாட் அதை ஆதரித்தார். அவர் பக்கத்திலிருந்து வேறு யாரும் கூட வரவில்லை. அன்றே மன்றத் தலைவர் பதவியை உதறினார். அதனால்தான் அனுபவமுள்ள ஆளுங்கட்சிக்காரர் தீர்மானத்தை வாக்கெடுப்புவரை கொண்டுபோவதில்லை. சிறப்பு அறை, ஒத்திவைப்பு உரை, எழுத்துப் பதில் என்று கொறடாவின் கண் படாத வழியில் போகிறார். அதைக் கோழைத்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எண்ணிக்கையும் முக்கியம். குரல் வாக்கெடுப்பில் எந்தப் பக்கம் சத்தம் அதிகம் என்று சபாநாயகர் தீர்மானிப்பார். யார் எந்தப் பக்கம் என்று பெயரோடு பதிவாக வேண்டுமென்றால் பெலா பஹாகியான், அதாவது தலை எண்ணும் வாக்கெடுப்பு, கேட்க வேண்டும்; அதற்கு 15 பேர் எழுந்து நிற்க வேண்டும். 2020 நவம்பரில் வரவு செலவுத் திட்டத்தின் கொள்கை நிலையில் எழுந்தவர்கள் 13 பேர். இரண்டு பேர் குறைந்ததால், அன்று யார் என்ன செய்தார் என்பதற்குப் பெயர்ப் பட்டியலே இல்லை. டிசம்பர் 15ஆம் தேதி இறுதி வாசிப்பில் எண்ணியபோது 111க்கு 108. உங்கள் உறுப்பினர் எப்படி வாக்களித்தார் என்று கேட்கும் முன், அன்று வாக்கு எண்ணப்பட்டதா என்று பாருங்கள்.

கடைசியாக, சங்கங்கள் கொண்டுபோகும் மனு. நாடாளுமன்ற வாசலில் பதாகை பிடித்துப் படம் எடுத்துக் கொடுக்கும் 12 பக்க மனுவால், மறுநாள் தீர்மானம் எழுத உட்காரும் உதவியாளருக்கு எந்தப் பயனும் இல்லை. அவருக்கு வேண்டியது மலாயில் ஒரே பக்கம். சபையின் மொழி மலாய், தமிழில் கொடுத்தால் மொழிபெயர்க்கும்போதே பாதி அர்த்தம் போய்விடும். அந்தப் பக்கத்தில் என்ன நடந்தது, எந்தத் தேதி, எந்த இலாகா, அந்த இலாகா எழுதிய கடிதத்தின் எண், எத்தனை பேருக்குப் பாதிப்பு, எந்தப் பதில் வேண்டும் என்பது போதும். இலாகாக் கடிதத்தின் நகலை இணைத்துவிடுங்கள். அது இல்லாவிட்டால், அமைச்சர் ‘எங்களுக்குப் புகார் வரவில்லை’ என்று எழுந்து சொல்லிவிடுவார், உறுப்பினர் வாயடைத்து நிற்பார். நீதிமன்றத்தில் வழக்கு இருந்தால் மறைக்காமல் முதல் வரியிலேயே சொல்லுங்கள். கொடுக்க வேண்டிய நேரம் கூட்டம் தொடங்கிய பிறகு அல்ல. 14 நாள் கணக்கையும், கேள்விகளுக்கும் முன்னறிவிப்பு வேண்டியிருப்பதையும் பார்த்தால், கூட்டத்துக்கு ஒரு மாதத்துக்கு முன்பே தொகுதிச் சேவை மையத்தில் இருக்க வேண்டும். கூட்ட நாட்காட்டி நாடாளுமன்ற இணையத்தளத்தில் கிடைக்கிறது.

உங்கள் செய்தியாளர்களிடம் கேட்பது இவ்வளவுதான். அடுத்த முறை ஓர் உறுப்பினர் தீர்மானம் கொடுத்ததாகச் சொன்னால், விதி எண்ணைக் கேட்டு அச்சிடுங்கள். 18(1) என்றால் மறுப்புக் கடிதத்தில் மூன்று சொல்லில் எது இல்லை என்று எழுதியிருந்தது என்று கேளுங்கள். தனிநபர் தீர்மானம் என்றால் பட்டியலில் எத்தனையாவது இடம் என்று பாருங்கள். சிறப்பு அறையில் பேசினார் என்றால், அவர் பேசியதில் நான்கு வரியும் துணையமைச்சர் சொன்ன பதிலில் நான்கு வரியும் போடுங்கள். தேதியும் சேர்த்துப் போடுங்கள். ஆறு மாதம் கழித்து அந்தப் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஹன்சார்டைத் தேடி எடுத்து, மாவட்டக் கல்வி இலாகா மேசையில் வைக்க அந்தத் தேதி தேவைப்படும்.

இப்படிக்கு,
வாசகர்,
பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்